செடி மாமாவுக்கு என்ன வாங்குவது?

ஜொகூர் பாருவில் எந்தத் தாமானுக்குள் போனாலும் ஒரு செடி மாமா இருப்பார். வீட்டு எண் தெரிய வேண்டியதில்லை. கார் நிற்க வேண்டிய இடத்தில் செடியும், தெருவோர வெயிலில் காரும் நிற்கிற வீடு அவருடையது. வேலிக்கு வெளியே, மாநகர் மன்றத்துப் புல்தரையில், முருங்கை, கருவேப்பிலை, ஒரு பாண்டான் புதர். மீன்காரரிடம் கேட்டு வாங்கிய பாலிஸ்டிரீன் பெட்டிகளில் கீரை. "இது மன்றத்து நிலமாச்சே மாமா?" என்று கேட்டால், "நிலம் அவங்களுது, கீரை நம்மளுது" என்று முடித்துவிடுவார்.

பிறந்தது ரப்பர்த் தோட்டத்து லயத்தில். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், செம்பனையை வெட்டி வீடு கட்டினார்கள். மாமா பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வும் பெற்றாயிற்று. நகக்கண்ணில் மண் மட்டும் அப்படியே இருக்கிறது. கல்யாண வீடுகளில் மாமி அதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்.

இவருக்குத் தீபாவளிக்கு என்ன கொடுப்பது என்பது சொந்தபந்தங்களுக்கு வருஷா வருஷம் வரும் தலைவலி. சட்டை கொடுத்தால் அலமாரிக்குப் போகும். வேட்டி கொடுத்தால் வெயில் தாங்காத செடிக்குப் பந்தலாகும். அங்பாவ் கொடுத்தாலோ, மாமா கை நீட்டுவதற்குள் மாமி வாங்கிக்கொள்வார். அந்தப் பணம் நர்சரிக்குப் போகும் வழி மாமிக்குத் தெரியும். சரி, செடிப் பைத்தியத்துக்குச் செடிச் சாமானே வாங்குவோம் என்று கிளம்புகிறவர்கள்தாம் வசமாக மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு வருடம் யாரோ பளபளவென்று ஒரு பூவாளி வாங்கி வந்தார்கள். தீபாவளி வருவது ஐப்பசியில். ஜொகூரில் அது வடகிழக்குப் பருவமழை வாசலில் வந்து நிற்கும் நேரம். பிறகு மாதக்கணக்கில் வானமே ஊற்றிக்கொண்டிருக்கும். மாமா பூவாளியையும் பார்த்தார், கூரையில் கொட்டும் மழையையும் பார்த்தார். "நல்லாருக்கு" என்றார். அது இப்போது மாமிக்குக் குடைகள் வைக்கப் பயன்படுகிறது.

சிங்கப்பூர் மருமகன் பாலம் தாண்டி வந்து கொடுத்தது இன்னும் விசேஷம்: அடியில் தண்ணீர் தேங்கி நின்று, செடி தானே குடித்துக்கொள்ளும் தொட்டி. மாமாவுக்கு வியர்த்துவிட்டது. ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட நல்ல பிரசவ அறை கிடைக்காது. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டில் கொசுப்புழு இருந்தால் சுகாதார அதிகாரிகள் 500 ரிங்கிட் வரை அபராதச் சீட்டு எழுதலாம். அதற்குப் பயந்தே ராத்திரி படுக்கும் முன் டார்ச் லைட்டோடு போய் ஒவ்வொரு தொட்டித் தட்டையும் கவிழ்த்துவிட்டு வருகிறவர் அவர். "மாப்பிள்ளைக்கு எம்மேல என்ன கோபம்?" என்று மாமியிடம் கேட்டாராம்.

கேமரன் மலைக்குச் சுற்றுலா போன பிள்ளைகள் லாவெண்டர் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். அங்கே 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் வளர்ந்தது, கடல் மட்டத்து ஜொகூர்ப் புழுக்கத்தில் எத்தனை நாள் இருக்கும் என்று மாமாவுக்குத் தெரியும். மறுக்கவும் மனம் வராது. வாங்கி, நிழலில் வைத்து, கடைசிக்காலப் பணிவிடைகளை முறையாகச் செய்வார்.

இவற்றையெல்லாம் மன்னித்துவிடலாம். தெப்ராவ் ஐக்கியாவிலிருந்து ஒரு பெண் பிளாஸ்டிக் செடி வாங்கி வந்தாள் பாருங்கள், அதைத்தான் மன்னிக்க முடியாது. மாமா ஓர் இலையைக் கட்டைவிரலால் தேய்த்தார். முகர்ந்தார். பின்பக்கம் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று வழக்கப்படி புரட்டிப் பார்த்தார். "தண்ணியே ஊத்த வேணாம் மாமா, சாகாது" என்று அவள் உற்சாகமாகச் சொன்னாள். மாமா பதில் பேசவில்லை. அவள் போனதும் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தொட்டியில் புதினா நட்டார்.

அப்படியானால் எதுதான் பிடிக்கும்? கூலாய்ப் பக்கத்து ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் ஒரு மூட்டை ஆட்டுப் புழுக்கையோடு வந்தார். தீபாவளிக் காலை. மாமா எண்ணெய் தேய்த்துக் குளித்து, பட்டு வேட்டி கட்டி, விபூதி பூசி நிற்கிறார். மூட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்ததே! அங்கேயே கட்டை அவிழ்த்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, மூக்கருகே கொண்டுபோய், "நல்லா காஞ்சிருக்குடா தம்பி" என்று தழுதழுத்தார். அதே கையை முறுக்கு டின்னுக்குள் விடப் போனவரை மாமி கரண்டியோடு வந்து தடுத்தார்.

கடையில் விலை போட்டு விற்கிற பரிசு எதுவும் செடி மாமாவுக்கு ஆகாது. நாம் குப்பை என்று தள்ளுவதெல்லாம் அவருக்குச் சீர்வரிசை. முட்டை ஓடு, தேயிலைச் சக்கை, அரிசி கழுவிய தண்ணீர் எதையும் விடமாட்டார். சீனப் புத்தாண்டுக்கு அண்டை வீடுகளில் பொன்னாகக் காய்த்து நிற்கும் எலுமிச்சைத் தொட்டிகள் பதினைந்தாம் நாளோடு தெருவுக்கு வந்துவிடும். அன்று மாமா மாலை நடை போவார், கைவண்டியோடு. கொண்டு வந்ததைக் கருவேப்பிலையிலிருந்து தள்ளித்தான் வைப்பார். எலுமிச்சை இலையை மஞ்சளாக்கும் நோயைக் கடத்துகிற குட்டிப் பூச்சி கருவேப்பிலையிலும் குடியிருக்குமாம். மாமியின் ரத்த அழுத்த மாத்திரை எந்த நிறம் என்று அவரைக் கேட்டால் தெரியாது.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஊரே வீட்டுக்குள் அடைந்தபோது கெலாடிச் செடி மோகம் பிடித்து, ஒரு தொட்டி நூற்றுக்கணக்கான ரிங்கிட்டுக்குப் போனது. "சாக்கடை ஓரத்துல முளைக்கிறதுக்கு இவ்ளோ காசா?" என்று மாமா சிரித்தார். வருட முடிவில் குளியலறை ஜன்னலிலும் கெலாடி இருந்தது. கோலாலம்பூரில் கல்யாணம் என்றால் சுங்கை பூலோவைத் தொடாமல் திரும்பமாட்டார். 1930இல் தொழுநோயாளிகளுக்காகத் திறந்த குடியிருப்பு அது. அவர்கள் பிழைப்புக்காக வளர்த்த நர்சரிகளைத் தேடி இன்றைக்கும் கூட்டம் வருகிறது. திரும்பும்போது மாமி பின்சீட்டில், மடியில் ஒரு செம்பருத்தி, காலடியில் மூன்று. தாம்பூலப் பை டிக்கியில்.

இவர் வீட்டிலிருந்து வெறுங்கையோடு வரவும் முடியாது. நீங்கள் பன்னிரண்டாவது மாடியில் குடியிருந்தாலும் பிளாஸ்டிக் பையில் ஒரு கன்று கைக்கு வந்துவிடும். மறுவாரமே போன் வரும். "பிள்ளை எப்படி இருக்கு?" உங்கள் பிள்ளைக்கு டெங்கி வந்து படுத்திருக்கலாம், அவர் விசாரிப்பது கன்றை. அது செத்துப்போனால் சிலர் சத்தமில்லாமல் நர்சரியில் அதே போல இன்னொன்று வாங்கி வைத்துவிடுவதும் உண்டு. மாமா ஒரு நாள் வருவார். காப்பி வேண்டாம் என்பார். நேரே பால்கனிக்குப் போய் இலையைப் புரட்டிப் பார்ப்பார்.

"இது நம்ம வீட்டுக் கன்னு இல்லியே" என்பார். வீட்டுக்காரர் விழிப்பார். மாமா சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டே, "பரவால்ல, இருக்கட்டும். இந்த ரகம் எங்கிட்ட இல்ல. ஒரு கிளை எடுத்துக்கிறேன்" என்பார்.