அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்

ஹவுன்ஸ்லோ,
ஞாயிறு இரவு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முழங்கால் வலி தேவலையா?

ஒரு முக்கியமான விஷயம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நான் எங்கோ ஒரு பொட்டல்வெளியில் போய் வானத்தைப் பார்த்து நிற்கிறேன் என்று உங்கள் மருமகள் போனில் அம்மாவிடம் போட்டுக் கொடுத்துவிட்டாள். அம்மா மறுநாளே என் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் ஓடியிருக்கிறாள். சனிப்பெயர்ச்சி வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொன்னாராம். நான் பார்ப்பது விமானங்களைத்தான் என்று அவளுக்குப் புரியவைக்க உங்களை விட்டால் ஆள் இல்லை. பல்லாவரம் மொட்டை மாடியில் வடாமுக்குக் காவலாக என்னை உட்காரவைத்து, சத்தத்தை வைத்தே “இது ஏவ்ரோ, இது போயிங்” என்று சொல்லிக்கொடுத்துக் கெடுத்தது யார்?

முதலில், அது பொட்டல்வெளி இல்லை. மர்ட்டில் அவென்யூ என்று ஒரு முட்டுச்சந்து. ஹாட்டன் கிராஸ் ஸ்டேஷனில் இறங்கினால் பொடிநடை. தெருக்கோடியில் ஒரு துண்டுப் புல்தரை. அதைத் தாண்டினால் ஹீத்ரோவின் தெற்கு ஓடுபாதை. விமானங்கள் மேற்கு நோக்கி இறங்கும் நாட்களில் ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. நாம் 21ஜி பஸ்ஸுக்கு நின்ற நேரத்துக்கு இங்கே நாற்பது விமானம் இறங்கிவிடும். சக்கரத்தில் ரப்பர் தேய்ந்திருப்பதுகூடக் கண்ணுக்குத் தெரியும்.

அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் உங்கள் வயதுக்காரர்கள். மடக்கு நாற்காலி, பிளாஸ்கில் டீ, ஒரு சின்ன அலுமினிய ஏணி, நோட்டுப் புத்தகம். படம் எடுப்பதுகூட அவர்களுக்கு இரண்டாம்பட்சம்தான். பதிவெண்ணைக் குறித்தாக வேண்டும். ஜி என்றால் பிரிட்டன், விடி நம் நாடு, 4ஆர் இலங்கை, 9வி சிங்கப்பூர். ஏற்கெனவே குறித்துவிட்ட எண் என்றால், ஐந்நூறு டன் விமானமே ஆனாலும் டீயைக் கீழே வைக்க மாட்டார்கள்.

வெயில் அடித்தால் படம் நன்றாக வரும் என்று நினைப்பீர்கள். கோடையில் கானல் கிளம்பி விமானத்தின் வயிறு அலையலையாக நெளிந்துவிடும். காற்றில் ஈரம் கனத்திருக்கும் நாளில்தான் இறக்கையின் முதுகில் வெள்ளையாக நீராவி படரும். அதற்குத்தான் நாங்கள் தவம் கிடக்கிறோம். அப்படி நனைந்து தும்மிக்கொண்டு வீடு திரும்பினால் ரசம் வைத்துக் கொடுக்க நாதி இல்லை.

ஏ380 வருவதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். இரண்டு மாடி, நுனிக்கு நுனி கிட்டத்தட்ட 80 மீட்டர் இறக்கை. அது கடந்துபோய், இரைச்சல் அடங்கி, எல்லோரும் காமிராவைத் தாழ்த்திய பிறகு, தலைக்கு மேல் வெறும் காற்றில் ‘ஸ்ஸ்ஸ்... சுளீர்’ என்று ஒரு சத்தம் கேட்கும். இறக்கை நுனியில் கிளம்பிய காற்றுச் சுழல் மெல்லக் கீழே இறங்குகிற சத்தம் அது. சில சமயம் அந்தச் சுழல் வீட்டு ஓட்டையே பெயர்த்துவிடும். அதனால் இந்தப் பாதையில் இருக்கும் வீடுகளின் கூரையை விமான நிலையமே தன் செலவில் பலப்படுத்திக் கொடுக்கிறது. ஓசியில் ஓடு மாற்றித் தருகிறார்கள் என்றதும் உங்கள் மருமகளுக்கு முதன்முதலாக விமானத்தின் மேல் ஒரு மரியாதை வந்தது. “நம்ம வீட்டு மேல வராதா?” என்று கேட்டாள். வராது. சற்றுத் தள்ளி இருக்கிறோம்.

போலீஸ் பிடித்துவிடுவார்களோ என்று அம்மா பயப்படுகிறாளாம். இங்கே யாரும் பிடிப்பதில்லை. 2001 நவம்பரில் கிரேக்க நாட்டின் கலமாட்டா விமானப்படைத் தளத்துக்குப் போன 12 பிரிட்டிஷ்காரர்களும் 2 டச்சுக்காரர்களும்தான் மாட்டிக்கொண்டார்கள். பொழுதுபோகாமல் ஒருத்தன் விமான நம்பரை எழுதுவான் என்பதைக் கோர்ட்டில் யாரும் நம்பவில்லை. உளவாளி என்று வழக்கு. 2002 ஏப்ரலில் தண்டனை. அந்த நவம்பரில் அப்பீலில் விடுதலை. ஒரே வருஷத்தில் கிரேக்க நீதிபதிகளே நம்பிவிட்டார்கள். நம் வீட்டில்தான் இன்னும் விசாரணை முடியவில்லை. இந்தக் கதையை அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

நான் முதன்முதலில் இங்கே வந்தது கொழும்பு வழியாக, ஸ்ரீலங்கன் ஏ340இல். நான்கு என்ஜின் இருந்தும் மேலே ஏற அதற்கு மனசே வராது. பூமி உருண்டை என்பதால் தரைதான் கீழே விலகிக்கொடுக்கிறது, அது ஏறுவதே இல்லை என்று இங்கே கிண்டலடிப்பார்கள். அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சாதத்தின் கனம் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதோ விமானங்கள் உறவுக்காரர்கள் மாதிரி. 2020 அக்டோபர் 8ஆம் தேதி பிரிட்டிஷ் ஏர்வேஸின் கடைசி இரண்டு 747களும் ஓய்வுபெற்று ஹீத்ரோவிலிருந்து போனபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. “உங்க பெரியப்பா போனப்பகூட...” என்று உங்கள் மருமகள் ஆரம்பித்தாள். நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன்.

நீங்களும் சித்தியும் வரும்போது ஒன்றே ஒன்று செய்யுங்கள். மேற்கு நோக்கி இறங்குகிற நாளில் மதியம் 3 மணிக்கு ஓடுபாதையை மாற்றுவார்கள், சுற்றுவட்டார ஜனங்கள் அரை நாளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று. எந்த வாரம் எந்த நேரம் தெற்குப் பாதை என்று பார்த்து எழுதுகிறேன். அதற்குத் தோதாக டிக்கெட் போட்டு, உங்களுக்கு இடது பக்க ஜன்னல் சீட் கேளுங்கள். வலது ஜன்னலில் தேம்ஸ் நதி, டவர் பிரிட்ஜ், பார்லிமென்ட் எல்லாம் தெரியும். அதைச் சித்திக்கு விட்டுக்கொடுங்கள். இடது ஜன்னலில் கடைசி சில விநாடிகள் ஏணி மேல் நான் தெரிவேன்.

அன்புள்ள,
ரமணி

பி.கு.: அம்மாவும் கூட வருவதாக இருந்தால் நடு வரிசையில் உட்காரவையுங்கள். ஏணி விஷயம் அவளுக்குத் தெரியாது.