ஷூ ஸ்டாண்டு மேல் ஒரு சர்வர்

எங்கள் வீட்டில் இரவு பகலாக விழித்திருக்கும் ஜீவன்கள் இரண்டு: ஃப்ரிட்ஜ், ரவுட்டர். ஃப்ரிட்ஜுக்காவது வேலை இருக்கிறது. ரவுட்டர் ஷூ ஸ்டாண்டு மேல் சும்மா கண் சிமிட்டிக்கொண்டுதானே உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தேன். வினை அங்கே ஆரம்பித்தது.

கல்லூரிக் கோஷ்டி ஆறு பேர். ஞாயிறு ராத்திரி அரட்டைக்கு மம்பிள் என்ற இலவச மென்பொருளைப் பிடித்தேன். அதன் சர்வரை ரவுட்டருக்குள்ளேயே அடைக்க ‘யூமர்மர்’ என்று ஒரு குட்டி வடிவம் இருக்கிறது. ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மாற்று இயங்குதளத்தை ஏற்றி யூமர்மரை நுழைத்தேன். ரேம் 32 எம்.பி.தான், ஆனால் போதும். சர்வர் நம் குரலை அவிழ்த்துக் கேட்பதே இல்லை. மறையாக்கப் பூட்டை மட்டும் மாற்றிப் போட்டு அடுத்தவருக்குத் தள்ளிவிடும். ஒருவர் பேச நொடிக்கு 40 கிலோபிட் என்றால் ஐந்து பேருக்கு விநியோகிக்க 200. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால்? எங்கள் கோஷ்டி வேறு எப்படிப் பேசும்!

மம்பிளின் போர்ட் எண், அதாவது வாசல் எண், 64738. பழைய காமடோர் 64 கணினியில் எஸ்ஒய்எஸ் 64738 என்று தட்டினால், கணினி புதிதாகத் தொடங்கும். சகுனத்தை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ரவுட்டரில் அந்தப் போர்ட்டைத் திறந்துவிட்டேன். ஒருத்தனும் உள்ளே வர முடியவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு பார்த்தால், என் இணைய முகவரி 100.72 என்று ஆரம்பிக்கிறது. வெளியே செல்லாத காசு அது. இணைப்புக்காரர்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருந்தார்கள். ஒண்டுக்குடித்தனத்தில் தெருக்கதவு பொது. என் போர்ஷனுக்குள் காலிங் பெல் மாட்டி என்ன பிரயோஜனம்? மாதாமாதம் பணம் கட்டித் தனி முகவரி வாங்கினேன். இலவச மென்பொருளுக்கு ஆன முதல் செலவு.

ஞாயிறு பத்து மணி. ஆறு பேரும் ஆஜர்.

“நான் பேசுறது கேக்குதாடா?”

“கேக்குது. நான் ‘கேக்குது’ன்னு சொன்னது கேக்குதா?”

இருபது நிமிடம் இதே. பிறகுதான் ஒருவன் ஹாஸ்டல் வார்டன் கதையை எடுத்தான். வார்டன் கதவைத் தட்டுகிறார், இவன் கட்டிலுக்கு அடியில், கையில் கோழிக்கால்... கப்சிப்.

ஹாலுக்கு ஓடினேன். ஒரே இருட்டு. சுவிட்ச்போர்டு பக்கத்தில் அம்மா.

“பச்சை லைட்டு மினுக்குமினுக்குன்னு எரிஞ்சிட்டே கிடந்துச்சுப்பா. யாரும் பாக்காம சும்மா எதுக்குன்னு நிறுத்திட்டேன்.”

போட்டேன். ரவுட்டர் சோம்பல் முறித்து எழ இரண்டு நிமிடம். ஒவ்வொருவனாகத் திரும்பி வந்தான்.

“இப்பக் கேக்குதாடா?”