போட்டிப் போர்வையம்மாள்

ஊசியில் நூல் கோக்க அறியாமலே தையற்கலையில் பிரக்யாதி பெறும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எங்கள் பக்கத்து இறப்பர்த் தோட்டத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெரிய கிளாக்கர் ஐயாவின் சம்சாரத்துக்கு அது வாய்த்திருந்தது. கைப்பணிக் கண்காட்சி இரத்தினபுரியில் நடந்தாலும் கேகாலையில் நடந்தாலும் முதல் விண்ணப்பம் அவருடையதுதான்.

அவர் அங்கே காட்சிக்கு வைக்கும் ஒட்டுப்போர்வை உற்பத்தியாகும் ஸ்தலம் வேறு. லயத்துக் கடைசிக் காம்பராவில், பால் வெட்டுகிற ஒருத்தியின் மடியில், அது மழையை நம்பி வளர்வது. ஆண்டுக்குச் சராசரியாக 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற இரத்தினபுரிச் சீமையில், பட்டை நனைந்துவிட்டால் பால் சிரட்டைக்கு இறங்காமல் மரமெங்கும் வழிந்து வீணாகுமாகையால், அன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலிப் பதிவான செக்ரோலில் பேரும் விழாது. பேர் விழாத அந்த நாட்களில்தான் நைந்த சேலைத் தலைப்பும், பிள்ளைகளின் கிழிந்த சட்டையும், வெளுத்த மாச்சாக்குத் துணியும் ஒன்றோடொன்று சம்பந்தம் பேசிப் போர்வையாகும்.

அதை இரவல் வாங்கிய மாத்திரத்தில் அதன் பூர்வ சரித்திரத்தையும் அம்மையார் சுவீகரித்துக்கொள்வார். ஒருமுறை நடுவர் அடிப்புறத்தைத் திருப்பி, மாச்சாக்கிலிருந்து எத்தனை துவைத்தும் போகாத நீல எழுத்துகளைக் கண்டு புருவம் நெரித்தபோது, "அது பழைய காலத்து டிசைன்" என்று இமை அசையாமல் விடை பகர்ந்தார்.

இதற்காக அவரை நிந்திப்பது தர்மமன்று. 1933-ல் சிக்காகோ உலகக் கண்காட்சியையொட்டி சியர்ஸ் கம்பெனியார் நடத்திய போட்டியில் ஏறக்குறைய 24,000 போர்வைகள் வந்து குவிய, 1,000 டாலர் முதற்பரிசைத் தட்டிக்கொண்டுபோன கென்டக்கி மாநிலத்து மார்கரெட் கேடன் அதில் ஒரு தையல்கூடப் போட்டவரல்லர். கூலிக்குத் தைத்துக்கொடுத்த பெண்களுக்குப் பரிசில் காற்காசும் போகவில்லை. நம் அம்மையார் இந்த விருத்தாந்தம் அறியாமலே அந்த வம்சத்தில் வந்து உதித்தவர்.

இரத்தினபுரிக் கண்காட்சியில் அவருக்குக் கிடைத்த இரண்டாம் பரிசான கண்ணாடிக் குவளைகள் அலமாரி ஏறிய மூன்றாம் நாள், பால்வெட்டுக்காரி கொட்டுகிற மழையில் வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, போர்வையைக் குடுத்தீங்கன்னா தேவலாங்க. ராவெல்லாம் சின்னவன் நடுங்குறான்."

"இன்னும் பத்து நாள் பொறு பிள்ளை, கேகாலைப் போட்டி கிடக்கெல்லோ!" என்ற அம்மையார், வானத்தை அண்ணாந்து நோக்கி மனம் இளகியவராய், "மழைதானே, வெட்டும் இல்லை. அதுக்கிடையிலை உங்களுக்கு இன்னொண்டு தைக்கலாமெல்லோ?" என்றார்.