திருப்பூருக்கு அரைப்பக்கம்

(பேசுவோர்: சென்னையில் சுற்றுலாக் கையேடு தொகுக்கும் ஆசிரியர், காதர்பேட்டை பனியன் மொத்த வியாபாரி.)

ஆசிரியர்: ஊட்டிக்கு எட்டுப் பக்கம், கோவைக்கு மூணு. திருப்பூருக்கு ஒரே வரி: 'கோவை விமான நிலையத்திலிருந்து காரில் ஒரு மணி நேரம், பார்க்க எதுவுமில்லை.' குமரன் நினைவகத்தைச் சேர்த்தா ஒண்ணரை வரி வரும். தப்பா எடுத்துக்காதீங்க அண்ணா, இங்க வர்றவங்க யாரும் சுற்றுலாப் பயணி இல்லையே.

வியாபாரி: ஏனுங் தம்பி, அதை யாரு முடிவு பண்ணுனது? ஐ.நா. சுற்றுலா அமைப்போட கணக்குல, ஊரை விட்டு வந்து ஒரு வருசத்துக்குள்ள திரும்பறவன் தொழிலுக்கு வந்தாலும் பயணிதான். வந்த எடத்துல சம்பளத்துக்குச் சேர்ந்தாத்தான் கழிச்சிருவாங்க. பில் போடறவனும் நாலெழுத்து படிப்பானுங். அப்படிப் பார்த்தா திருமுருகன்பூண்டிப் பக்கம் நிட் ஃபேர் பின்னலாடைக் கண்காட்சிக்கு வர்ற பையர் அத்தனை பேரும் உங்க ஆளுக. சாம்பிள் பீஸை இழுத்துப் பார்த்து, துணிக்கனம் எத்தனை ஜி.எஸ்.எம்.னு கேட்டு, கழுத்துப் பட்டியைத் திருப்பித் தையலைத் தடவறவன், ஊட்டி ஏரியில படகு விடறவனை விட உத்துத்தான் பாக்கறான். பூண்டிக் கோயில் கதையே பணத்தோட வந்தவன் கதைதானுங்களே! சேரமான் குடுத்த பொன்னோட வந்த சுந்தரரை, சிவனோட பூதகணம் வேடர் வேசத்துல மறிச்சுப் பறிச்சுதுங்கறது தல புராணம். பணத்தோட வர்றவங்க பத்திரம்னு, உங்களுக்கு முந்தியே இந்த ரூட்டுக்குப் பயணக் குறிப்பு எழுதியாச்சு.

ஆசிரியர்: சரி, பையர் பயணியாவே இருக்கட்டும். சாயங்காலம் எங்க கூட்டிட்டுப் போறது, நொய்யல் ஆத்துக்கா?

வியாபாரி: அதுக்கு எனக்கும் வாய் வரலீங். சாயத் தண்ணி விட்டதுக்கு 2011 ஜனவரியில ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. அதை மறைக்காம எழுதுங்க. ஆனா அதே ஊரு நஞ்சராயன் குளம் 2024-ல ராம்சார்ங்கற உலக ஈரநிலப் பட்டியல்ல ஏறுச்சு. பறவை எறங்கற எடம்னு உலகமே ஒத்துக்கிச்சு, மனுசன் எறங்கற எடம்னு நீங்க ஒத்துக்க மாட்டேங்கறீங்.

ஆசிரியர்: எறங்கற மனுசன்ல பையரை விட்டா வேலைக்கு வர்றவங்கதானே? ஒடிசாவுல இருந்து டெய்லர் வர்றது பிழைப்பு. ஐ.நா.வே கழிச்சிருச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?

வியாபாரி: கழிச்சது கணக்குக்கு, வழி சொல்றதுக்கு இல்லீங். இதே நொய்யல் கரையில, கீழ போனா கொடுமணல். முசிறிக்கும் கரூருக்கும் நடுவுல வணிகப் பாதை ஊரு. அங்க தோண்டியெடுத்த பானை ஓட்டுல தமிழ்ப் பேரோட பிராகிருதப் பேரும் கீறியிருக்குது. வடக்கத்தி ஆளு இங்க வர்றது இன்னிக்கு நேத்துச் சங்கதி இல்லீங். ஊட்டிக்குப் போறவனுக்கு ஓட்டல்காரன், டிரைவர், உங்க புத்தகம்னு வழி சொல்ல மூணு பேரு. தன்பாத் - ஆலப்புழை எக்ஸ்பிரஸ்ல பையும் பக்கெட்டுமா எறங்கி, ஓவர்லாக் ஓட்ட வர்ற பையனுக்கு, அனுப்பர்பாளையத்துக்கு எந்த பஸ், கவர்மெண்ட் ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்னு எவன் சொல்றான்? ஏஜெண்ட் சொல்றதுதான் அவனுக்குத் திருப்பூர். அவனுக்கு அரைப்பக்கம் ஒதுக்குங்க தம்பி, ஊட்டியில ஒரு போட்டோவைக் கழிச்சா எடம் கெடைக்கும். இந்தியிலயும் ஒடியாவுலயும் அடிங்க. எழுத்து மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கட்டுங். நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து படிப்பாங்க.