நண்டுக்கு மட்டும் நேர் விமானம்

பழவேற்காட்டில் சாயங்காலம் ஒரு வேன் கிளம்பும். உள்ளே கூடை கூடையாகச் சேற்று நண்டு. கொடுக்குகளைக் கயிற்றால் கட்டி, ஈரச் சாக்கைப் போர்த்தி, தாலாட்டுப் பாடாத குறையாக அடுக்கியிருப்பார்கள். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் தண்ணீருக்கு வெளியேயும் நாள்கணக்கில் உயிரோடிருக்கும் பிராணி அது. வேன் மீனம்பாக்கத்துச் சரக்கு வாசலில் போய் நிற்கும். ராத்திரி விமானத்தில் ஏறினால் காலையில் சிங்கப்பூர். இடையில் இறங்கி ஏறுவது, பெஞ்சில் படுப்பது, கைப்பையை எடை போடுவது எதுவும் கிடையாது.

அந்த வேனை ஒரு மனிதர் ஆண்டுதோறும் வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டு நிற்பார். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் குப்பம் ஒன்றில் பிறந்து, தைவானில் சின்ச்சு நகரத்துப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் அவர். இந்தக் கட்டுரையை எழுதுபவருக்கு அவரை நன்றாகத் தெரியும். இருவரும் ஒரே சட்டையைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். மானம் கருதி 'அவர்' என்றே வைத்துக்கொள்வோம்.

இந்த ஊரில் பொருள்கள் எப்போதுமே ஆட்களைவிட நன்றாகப் பயணம் செய்திருக்கின்றன. 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது ஏரிக்காற்று வாங்க அல்ல, துணிக்காக. பழவேற்காட்டுத் துணி கப்பலேறிப் போய் மொலுக்காத் தீவுகளில் ஜாதிக்காயாகவும் கிராம்பாகவும் மாறியது. மெக்சிகோக்காரர் கழுத்தில் கட்டிக்கொள்ளும் பூப்போட்ட கைக்குட்டைக்கு இன்றும் 'பாலியாகாத்தே' என்றுதான் பெயர். ஸ்பானிய அகராதி அதற்கு மூலமாக இந்த ஊரைத்தான் காட்டுகிறது. துணி மெக்சிகோ வரை போய்விட்டது. வாத்தியாருக்குத் தைபேய் போவதற்குள் நுரை தள்ளுகிறது.

சென்னையிலிருந்து தைபேய்க்கு நேர் விமானம் கிடையாது. இருந்தால் ஏறக்குறைய ஆறு மணி நேரம். இல்லாததால் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், ஹாங்காங் என்று ஏதாவது ஒரு ஊரைத் தொட்டுத்தான் போகவேண்டும். எந்த ஊரைத் தொடுவது, எத்தனை மணி நேரம் தொடுவது என்பதில்தான் விலை இருக்கிறது. இரண்டு மணி நேரம் தொட்டால் கொள்ளை விலை. பதினேழு மணி நேரம் தொட்டால் மலிவு.

"ஏன்டா, மெட்ராசுலேர்ந்து நேரா போவாம இன்னாத்துக்குடா ஊரச் சுத்துற?" என்று அம்மா முதல் ஆண்டு கேட்டார்.

"சுத்துனாதான்மா காசு கம்மி."

அம்மாவுக்கு அது ஏற்கும்படியாக இல்லை. பொன்னேரிச் சந்தையில் நெடுங்காலம் மீன் விற்றவர். அதிக தூரம் போகிற பஸ்ஸுக்கு அதிகக் காசு என்பதுதான் அவர் அறிந்த உலகம். 2023-ஆம் ஆண்டு வரை அவர் மனம் மாறவில்லை. அந்த ஆண்டு ஜூலை 14-இல் ஊருக்கு வடக்கே ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து சந்திரயான்-3 கிளம்பியது. ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்பதால் ஆண்கள் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அது நிலாவில் இறங்கியது ஆகஸ்ட் 23-இல், நாற்பது நாள். 1969-இல் அமெரிக்காவின் அப்பல்லோ-11 நாலே நாளில் இறங்கிவிட்டது. காரணம் எளிது. அப்பல்லோவைத் தூக்கியது ராட்சத ராக்கெட். நம்முடையது சின்னது, அதனால் பூமியைச் சுற்றிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக வட்டத்தைப் பெரிதாக்கி, எரிபொருளை மிச்சம் பிடித்துப் போனது. வாத்தியார் சுவரில் படம் போட்டு விளக்கினார்.

அம்மா படத்தைப் பார்த்தார். "அதுவும் உன்ன மாதிரிதான் போச்சா?"

"ஆமாம்மா. கனெக்டிங் ஃபிளைட்டு."

அதற்குப் பிறகு பயணநேரம் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை. விலை பற்றி மட்டும் எழுந்தது.

அம்மாவின் அடுத்த கேள்விக்குப் பொருளாதாரம் படித்தவர்களே கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பதில் சொல்லவேண்டும். காலையில் ஏலத்தில் மீன் நல்ல விலைக்குப் போகும். நேரம் ஆக ஆக இறங்கும். சாயங்காலம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கூடையைக் கவிழ்க்க வேண்டியதுதான். விமானம் கிளம்பிவிட்டால் காலி சீட்டும் செத்த மீனைப்போல ஒன்றுக்கும் உதவாது. அப்படியானால் கடைசி நேரத்தில் கூவிக் கூவி விற்க வேண்டியவன், விலையை ஏற்றுகிறானே, அவனுக்குப் பைத்தியமா?

பைத்தியமில்லை, இதைக் கணக்குப் போட்டே ஒரு தொழிலாக்கினார்கள். அமெரிக்காவில் 1978-இல் விமானக் கட்டணத்தின் மீது அரசாங்கம் வைத்திருந்த பிடி தளர்ந்தது. 1981-இல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற நிறுவனம் பஸ் டிக்கெட் மாதிரி விலையில் பறக்க ஆரம்பித்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1985 ஜனவரியில் அதற்குப் பதிலடி கொடுத்தது. எல்லா சீட்டின் விலையையும் குறைக்கவில்லை. முன்கூட்டியே வாங்குகிறவர்களுக்கென்று சில சீட்டுகளை மட்டும் எதிராளி விலைக்கே கொடுத்துவிட்டு, மீதியை அவசரக்காரர்களுக்காகப் பத்திரப்படுத்தியது. எந்த விமானத்தில் எத்தனை சீட்டு எந்த விலைக்கு என்பதைக் கணினி தீர்மானித்தது. 1987-க்குள் பீப்பிள் எக்ஸ்பிரஸ் இருந்த இடம் தெரியவில்லை. இன்றைக்கு எகானமி என்று நாம் ஒன்றாக நினைக்கும் பெட்டிக்குள் ஒய், பி, எம், எச், கே, கியூ என்று எழுத்து எழுத்தாகப் பல விலைகள் ஒளிந்திருக்கின்றன. மலிவான எழுத்து தீர்ந்தால் அடுத்த எழுத்து திறக்கும். பக்கத்து சீட்டுக்காரர் நம்மைவிடப் பாதி விலைக்கு வந்திருப்பதும், அதை அவர் நம்மிடம் சொல்லியே தீருவதும் இதனால்தான்.

கடைசி நாளில் மலிவாக விற்றால் என்ன ஆகும்? எல்லாரும் கடைசி நாள்வரை காத்திருக்கப் பழகிவிடுவார்கள். இதைச் சொன்னதும் அம்மாவின் முகம் மாறியது. பொன்னேரியில் ஆறு மணிக்குமேல் பையை ஆட்டிக்கொண்டு வந்து, "மிச்சத்த எவ்ளோக்குக் குடுப்ப?" என்று கேட்கும் கூட்டத்தை அவர் வருடக்கணக்காகப் பார்த்தவர்.

"அதுங்களுக்காவத்தான் நான் சில நாளு மீனக் கருவாடு போட்டேன்," என்றார். பிறகு யோசித்து, "பாவம், அவன் சீட்டக் கருவாடு போட முடியாதே," என்று விமானக் கம்பெனிக்காக ஒரு உச்சுக் கொட்டினார்.

மற்ற உபாயங்களை வாத்தியார் தனியாகவே கற்று, தனியாகவே நஷ்டப்பட்டார். செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் மலிவு என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு ஐந்து செவ்வாய் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். கணினியின் நினைவைத் துடைத்துவிட்டுத் தேடினால் விலை இறங்கும் என்றார்கள், துடைத்தார், வீட்டு மின்சார அட்டை எண் போனது, விலை அங்கேயே இருந்தது. போக வர டிக்கெட்டில் முதல் துண்டில் ஏறாமல் இரண்டாம் துண்டில் ஏறிக்கொள்ளலாமே என்று திட்டம் போட்டு, முதலில் ஏறாவிட்டால் மற்ற எல்லாத் துண்டும் தானாக ரத்தாகிவிடும் என்பதைக் கோலாலம்பூர் கவுண்டரில் நின்றபடி தெரிந்துகொண்டார்.

பாங்காக் கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அவர் அதைச் சொல்ல விரும்பமாட்டார். இந்தியர்கள் விசா இல்லாமல் தாய்லாந்துக்குள் போக 2023 நவம்பரில்தான் வழி பிறந்தது. இது அதற்கு முந்தைய சங்கதி. சென்னையிலிருந்து பாங்காக் ஒரு டிக்கெட், பாங்காக்கிலிருந்து தைபேய் வேறு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்கினால் 3,100 ரூபாய் மிச்சம் என்று கண்டுபிடித்தார். அந்த ராத்திரி அவருக்குக் கொலம்பஸ் மாதிரி ஒரு நிமிர்வு. கொலம்பஸும் தப்பான இடத்தில்தான் இறங்கினார். முதல் விமானம் இறங்குவது சுவர்ணபூமி, இரண்டாவது கிளம்புவது தோன் முவாங். ஒரே நகரம், இரண்டு நிலையங்கள்; நடுவில் பாங்காக்கின் போக்குவரத்து. பெட்டியை எடுக்கவேண்டுமென்றால் நாட்டுக்குள் நுழையவேண்டும். நுழையவேண்டுமென்றால் வந்திறங்கிய இடத்து விசா, 2,000 பாட். ரூபாயில் நாலாயிரத்துக்கும் மேல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று தமிழில் இதற்கு முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். தோன் முவாங்குக்கு அவர் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது விமானம் இருந்தது. அதுவும் மூன்று மணி நேரம் தாமதம் என்பதால்தான். தாமதத்துக்காக ஒரு விமானத்தைக் கும்பிட்ட பயணி அந்த நிலையத்தில் அன்று அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

மலிவு விமானத்தில் சீட்டு எண்ணுக்கும் தனிக் காசு. கொடுக்காவிட்டால் அவர்கள் குலுக்கித் தருவதுதான். ஏரியில் இதே ஏற்பாடு பல தலைமுறையாக இருக்கிறது. 'பாடு' என்று பெயர். நல்ல இடத்தில் யார் வலை கட்டுவது என்று குலுக்கிப் போட்டு, முறை வைத்துச் சுற்றிவிடுவார்கள். இன்று மோசமான இடம் கிடைத்தவனுக்கு இன்னொரு நாள் நல்ல இடம் வரும். விமானக் குலுக்கலில் அந்த நியாயமில்லை. வாத்தியாருக்கு இதுவரை நடு சீட்டைத் தவிர வேறொன்றும் விழுந்ததில்லை.

ஒரு காலத்தில் சிங்கப்பூர் போய்வர இன்னும் மலிவான வழி ஒன்று இருந்தது. குருவி. டிக்கெட்டை முதலாளி எடுத்துக்கொடுப்பார். பதிலுக்குப் பெட்டி முழுதும் அவருடைய சரக்கு. போய் வந்ததும் சரக்கு பர்மா பஜார் பக்கம் போய்விடும், பறந்த அனுபவம் மட்டும் குருவிக்கு. 2008-இல் விஜய் நடித்து அந்தப் பெயரில் படமே வந்தது. அம்மா ஒருமுறை, "நீயும் அப்பிடிப் போயேன்டா" என்று யோசனை சொன்னார். சுங்கத்துறைக்கும் குருவிகளுக்கும் உள்ள உறவை எடுத்துச் சொன்னதும் வாபஸ் வாங்கிக்கொண்டார்.

ஆனால் வாத்தியாரைக் கடைசியில் கரையேற்றியது அதே அம்மாவும் அவருடைய தினசரிக் காலண்டரும்தான்.

சீனப் புத்தாண்டுக்கும் பள்ளிக்கு நீண்ட விடுமுறை. அந்த நேரத்தில் சீனம் பேசும் உலகம் முழுதும் ஒரே சமயத்தில் ஊருக்குப் போகும். சீனாவில் மட்டும் இந்தப் பயண நெரிசல் நாற்பது நாள் நடக்கும். டிக்கெட் விலை வானத்துக்கு ஏறும். நாள் வேறு ஆண்டுக்கு ஆண்டு மாறும்: 2024-இல் பிப்ரவரி 10, 2025-இல் ஜனவரி 29, 2026-இல் பிப்ரவரி 17. வாத்தியார் இதை ஒரு தாளில் எழுதிவைத்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, அம்மா எட்டிப் பார்த்தார். காலண்டரைப் புரட்டினார்.

"இது அமாவாசைடா."

ஆமாம், அமாவாசைதான். சீனப் புத்தாண்டு எப்போதும் அமாவாசையை ஒட்டித்தான் வரும். 2025-இல் தை அமாவாசையும் அதே நாள். 2024-இல் தை அமாவாசைக்கு மறுநாள். 2026-இல் மாசி அமாவாசை. ஓதம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்து வலை போடும் ஊரில் அமாவாசையைத் தவறவிடுகிறவர் யாருமில்லை. அதைவிடப் பெரிய விஷயத்தை அம்மா அடுத்துச் சொன்னார்: வருஷா வருஷம் அந்த அமாவாசைக்கு முன்னால்தான் நண்டு வியாபாரி வாசலுக்கே வந்து விலையை ஏற்றிக் கேட்கிறான். சிங்கப்பூரில் விருந்து. ஆக நண்டு விலை ஏறினால் டிக்கெட் விலையும் ஏறும். கணக்கு வாத்தியார் பன்னிரண்டு இணையதளங்களில் தேடியது வாசல் திண்ணையிலேயே கிடந்தது.

"அமாவாசைக்கு மொத நாளு அவங்க இன்னா பண்ணுவாங்க?"

"வீட்ல எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து சாப்புடுவாங்க."

"அப்ப மறுநாளு காலைல யாரு ஏரோப்ளேன் ஏறுவா? நீ அன்னிக்கு ஏறு."

விடுமுறையில் மூன்று நாள் போனது. அவர் பார்த்த விலையில் கிட்டத்தட்டப் பாதி மிச்சமானது. ஒப்பந்தப்படி வருஷத்துக்கு ஒருமுறை போக வரப் பயணச் செலவைப் பள்ளி ஓர் உச்சவரம்பு வரை திருப்பித் தரும்; அசல் போர்டிங் பாஸைக் காட்டவேண்டும். அம்மா அவற்றைப் பத்திரமாக ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். நெத்திலிக் கருவாட்டு டப்பா. கணக்குப் பிரிவு அம்மணி அவற்றை இரண்டு விரலால் பிடித்து வாங்கிக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. பணம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தது.

கருவாட்டுப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடலாம். தைபேயில் திஹுவா தெருவில் உலர்ந்த இறாலும் மீனும் விற்கிறார்கள். அங்கே இங்கிருந்து கருவாடு சுமப்பது திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோகிற வேலை. ஏழு கிலோ கைப்பையில் இரண்டு கிலோ கருவாடு, அதிக எடைக்குக் கட்டும் காசில் ஒரு கூடை மீனே வாங்கலாம். இதைச் சொன்னால் அம்மா, "அதுல நம்ம ஏரி உப்பு இருக்காது" என்பார். கொப்பரைத் தேங்காயை மட்டும் ஒருவழியாக நிறுத்தினார். அது தானாகத் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமான விதியிலேயே இருக்கிறது. அம்மா இன்னும் நம்பவில்லை. அடுப்பங்கரையில் அவ்வளவு காலமாக இருக்கிறதே, ஒருநாளாவது பிடித்ததா?

போன முறை திரும்பும்போது மீனம்பாக்கம் போவதிலும் ஒரு சிக்கனம் கண்டார். பொன்னேரிக்கு பஸ், சென்ட்ரலுக்கு ரயில், பார்க்கிலிருந்து திரிசூலத்துக்கு இன்னொரு ரயில் என்று பெட்டியோடு மல்லுக்கட்டுவதற்குப் பதில், நண்டு வேனிலேயே ஏறிக்கொண்டார். இலவசம். பின்னால் கூடைகளுக்குள் கரகரவென்று சத்தம். ஓட்டுநர் தம்பி பேச்சுக் கொடுத்தார்.

"இதுங்க காலைல சிங்கப்பூரு. உங்களுக்கு எப்ப சார் தைவானு?"

"கோலாலம்பூர்ல பதினேழு மணி நேரம் இருக்கணும்பா. நாளன்னிக்கு."

தம்பி கண்ணாடியில் கூடைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அதுக்குள்ள இதுங்க கொழம்பாயிடும் சார்."