பூப்பந்தின் மீது ஆடிக்காற்றின் ஆதிக்கம்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மியின் எடை குறித்து அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பூப்பந்தின் எடை குறித்து உண்டு: 27 முதல் 30 கிராம். அம்மி பறக்கும் ஊரில், மஞ்சள் கம்பளி நூல் சுற்றிய இந்தப் பந்தை நம்பி அணிக்கு ஐந்து பேர் களமிறங்கினார்கள் என்பதே இவ்வாய்வின் அடிப்படைச் சிக்கல்.

ஆய்வுக்காலத்தின் தொடக்கம், உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி பிறந்த 1956. முடிவு, பி.யூ.சி. ஒழிந்து பிளஸ் டூ வந்த 1978. கம்பத்துப் பையன் மூட்டை கட்டி மதுரைக்குப் போகாமல், காலையில் பஸ் ஏறிச் சாயங்காலம் வீடு திரும்பிப் பட்டதாரியான காலம் அது. கல்லூரி திறப்பது ஜூனில். தென்மேற்குப் பருவக்காற்று குமுளிப் பக்கம் மலையைத் தாண்டி இறங்குவதும் ஜூனில்தான். இரண்டுக்கும் அட்மிஷன் ஒரே சமயத்தில் நடந்தது.

காற்றை அளக்கக் கருவி கிடையாது. ஆனால் 1970-களில் பெல்பாட்டம் வந்தது. மரத்தடியில் நின்று ஆட்டம் பார்த்த பொருளாதார மாணவரின் கால்சட்டை எந்தப் பக்கம் படபடக்கிறது என்று பார்த்தே திசை சொல்லிவிடலாம். வானிலை ஆய்வாளர்கள் இதை ஏன் கைக்கொள்ளவில்லை என்பது விளங்கவில்லை.

இனி ஆடுகளம். நீளம் 24 மீட்டர், அகலம் 12. வெயில் கண்ணில் அடிக்காதிருக்க வடக்கு தெற்காகக் கோடு போடுவது மரபு. பள்ளத்தாக்கோ கூடலூரிலிருந்து தேனி நோக்கி வடகிழக்காகச் சாய்ந்து கிடக்கிறது. காற்றும் அப்படியே வரும். ஆகவே நேராக அடித்த பந்து மூலைவாட்டில் போகும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் உண்மையிலேயே கோணல். பழமொழியை முதலில் சொன்னவர் உத்தமபாளையம் பக்கம் வந்திருக்க வாய்ப்பில்லை. பூப்பந்து தஞ்சை அரண்மனையில் உருவான ஆட்டம் என்கிறார்கள். மலைக்கணவாயை மனத்தில் வைத்து விதி எழுத அரண்மனைக்கு என்ன அவசியம்? ஓட்டப்பந்தயத்தில் பின்காற்று வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனையே செல்லாது. பூப்பந்தில் அந்தச் சலுகை இல்லை.

டாஸ் ஜெயித்தால் எந்தப் பக்கம் எடுப்பது? காற்றை முதுகில் வாங்குவோர் ஒரு பள்ளி. அவர்கள் தட்டினாலே பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிடும். காற்றை முகத்தில் வாங்குவோர் இன்னொரு பள்ளி. இவர்கள் மாட்டடி அடிக்கலாம், பந்து உள்ளேயே விழும். நம் துணிபு இரண்டாவது. சாரல் பிடித்துவிட்டால் இரு பள்ளிகளும் இழுத்து மூடப்படும். கம்பளி நனைந்து பந்து கனக்கும், கட் நரம்பு தொய்ந்து மட்டை சல்லடையாகும்.

மதுரைப் பல்கலைக்கழகம் 1966-இல் வந்தபின், கல்லூரிகளுக்கிடையிலான போட்டி என்றால் மதுரைப் பயணம், கூடவே அட்டெண்டன்ஸ். அங்கே பள்ளத்தாக்குக் காற்று இல்லை. பழக்கதோஷத்தில் காற்றுக்குக் கழிவு கொடுத்து அடித்த பந்து, இல்லாத காற்றுக்காக வெளியே போய் விழுந்திருக்க வேண்டும். முதல் சுற்றுத் தோல்விகளுக்கு நாம் முன்வைக்கும் கருதுகோள் இதுவே.

எதிர்க் கருதுகோள் ஒன்றும் உண்டு. நேர்மை கருதிப் பதிவு செய்கிறோம். 2,500-க்கும் அதிகமான இருக்கைகள் கொண்ட தங்கம் தியேட்டர் மதுரையில்தான் இருந்தது. முதல் சுற்றிலேயே தோற்றால்தான் மேட்னி ஷோவுக்கு நேரம் கிடைக்கும். இதை ஆராயப் பழைய ஆட்டக்காரர் சிலரை அணுகினால், எல்லோரும் காற்றைப் பற்றியே பேசுகிறார்கள்.