தினைப்புனத்தில் யாரும் புத்தகம் கேட்கவில்லை

பெண் பார்க்கும் படலத்தில் இப்போது புதிதாக ஒரு கேள்வி: "என்ன புக்ஸ் படிப்பீங்க?" பையன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு "ஜெயகாந்தன்" என்பான். அட்டையைத் தாண்டியதில்லை என்பது அவனுக்கும் முருகனுக்கும் மட்டுமே தெரியும். பெண் "ரமணிசந்திரன்" என்றால் அவன் உதட்டோரம் ஓர் இளக்காரம். அவளாவது கடைசிப் பக்கம்வரை படித்தவள்!

வேஷம் போட்டுப் பெண்ணை மயக்குவதில் முருகன்தான் முன்னோடி. வேடனாய், வேங்கை மரமாய், கிழவனாய் நின்று வள்ளியைக் கைப்பிடித்தார். மணம் நடந்தது திருத்தணியில் என்பது ஐதீகம். இலக்கிய ரசிகனாக வேஷம் கட்டும் கஷ்டம் மட்டும் அவருக்கு வரவில்லை.

அதே திருத்தணியில் 1888-ல் பிறந்த முன்னாள் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் தத்துவத்தை ஆசைப்பட்டு எடுக்கவில்லை. படித்து முடித்த உறவுக்காரர் ஒருவர் தன் பழைய தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார், காசு மிச்சம். மனைவி சிவகாமுவும் தூரத்து உறவு, பெரியவர்கள் முடித்தது. ஆக, புத்தகம், பெண் இரண்டுமே சொந்தத்தில். வாசிப்பு ரசனை பொருந்துகிறதா என்று எந்த ஜோசியரும் கட்டம் போட்டிருக்க மாட்டார்.

1960-ல்தான் ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் வந்த ஊர் திருத்தணி. இங்கே இன்னொரு வசதியும் உண்டு. மாப்பிள்ளைக்குத் தமிழ் மட்டும் வாசிக்க வரும், பெண்ணுக்குத் தெலுங்கு மட்டும் என்று வையுங்கள். ஒருவர் அலமாரியை மற்றவர் குறை சொல்லவே முடியாது. பஞ்சாயத்தெல்லாம் டி.வி. ரிமோட்டுக்குத்தான்.